அஞ்ஞானியும் புறஜாதியாரும்: பண்டிகை விவாதத்தில் ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்

திருவனந்தபுரம் நகரில் ஆண்டுதோறும் இருமுறை ஒரே வினா எழுகிறது. ஆவணி மாதத்தில் ஓணத்தை ஒட்டியும், மார்கழியில் கிறிஸ்துமஸை ஒட்டியும் எழும் வினா அது. ஓணத்தில் கிறித்தவர் பங்குகொள்ளலாமா என்பது முதல் வடிவம். கிறிஸ்துமஸே புறச்சமய விழாவிலிருந்து வந்ததாயின் அதைக் கொண்டாடலாமா என்பது இரண்டாம் வடிவம். இரண்டையும் மறுக்கும் சபையினர் உண்டு. ஒன்றை மறுத்து ஒன்றை ஏற்பவர் அவர்களினும் மிகுதி. இவ்விவாதத்தில் வழங்கும் துண்டு வெளியீடுகளில் பல ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் மலையாளத்துக்கும் பெயர்க்கப்பட்டவை. அவற்றின் இறையியலை மதிப்பிடுவது இங்கு நோக்கமன்று. அவை கையாளும் சொற்கள் மூலத்தில் சொல்லாத ஒன்றைத் தமிழில் சொல்லிவிடுகின்றன என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

ஆங்கில வெளியீடொன்று ‘பேகன்’ விழா என்று கூறும்போது அச்சொல் சுட்டும் மக்கள் பெரும்பாலும் மறைந்துபோன உரோமரும் கெல்டியரும் ஜெர்மானியரும் ஆவர். சாற்றர்நேலியா கொண்டாடியவர் எவரும் இன்று அண்டை வீட்டில் இல்லை. அதே சொல் தமிழில் ‘அஞ்ஞானப் பண்டிகை’ என்றோ ‘புறஜாதியார் பண்டிகை’ என்றோ பெயர்க்கப்படும்போது, அது சுட்டும் மனிதர் திருவோணத்தன்று பாயசம் கொடுத்தனுப்பும் அண்டை வீட்டாராகிவிடுகிறார். பெயர்த்தவர் அதை எண்ணியிருக்கமாட்டார். ஆயினும் படிப்பவர் அவ்வாறே கொள்கிறார். மூலத்தில் வரலாற்றுச் செய்தியாக இருந்தது பெயர்ப்பில் அயலார் மீதான தீர்ப்பாக மாறுகிறது.

இச்சொற்களின் வரலாறு நீண்டது. ‘அஞ்ஞானம்’ என்பது கிறித்தவர் ஆக்கிய சொல்லன்று. சைவசித்தாந்தத்தில் அது உயிரைப் பற்றிய ஆணவ இருளைக் குறிக்கும், எல்லா உயிர்க்கும் பொதுவானது, திருவருளால் நீங்குவது. அங்கு அஞ்ஞானி என்பவன் ஒரு சமயக் கூட்டத்தின் உறுப்பினன் அல்லன். ஒரு நிலையில் இருப்பவன். தன்னையே அவ்வாறு சொல்லிக்கொள்வதும் பக்தி மரபில் இயல்பு. கிறித்தவ வழக்கில் அது நிலைப்பெயர் என்பதிலிருந்து குழுப்பெயராகப் பெயர்ந்தது. தரங்கம்பாடி அச்சகத்தில் 1713ஆம் ஆண்டு வெளிவந்த சீகன்பால்குவின் சிறுநூல் ‘அக்கியானம்’ என்பதையே தலைப்பில் கொண்டது. அதன் பொருள் தமிழரின் சமயமே. ‘அஞ்ஞானிகள்’ என்ற பன்மை வழக்கூன்றிய பின்னர், அதில் தன்மை இடம் அற்றுப்போயிற்று. ‘நான் அஞ்ஞானி’ என்று ஒரு சைவர் கூறுவதும், ‘அவர்கள் அஞ்ஞானிகள்’ என்று ஒரு போதகர் கூறுவதும் ஒரே சொல்லால் நிகழும் இருவேறு பேச்சுச் செயல்கள்.

இங்கு ஒரு முரணையும் சுட்டவேண்டும். அதே சீகன்பால்குதான் தமிழர் சமயத்தையும் தெய்வங்களையும் விரிவாக விளக்கி ஜெர்மன் மொழியில் 1711இலும் 1713இலும் இரு நூல்கள் எழுதினார். முன்னது 1926 வரையிலும், பின்னது 1867 வரையிலும் அச்சேறவில்லை. இழித்துரைக்கும் சிறுநூல் உடனே அச்சேறியது. அறிய முயன்ற நூல்கள் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தன.

தமிழ் வேதாகமத்தில் இச்சொல் பெற்ற இடம் மொழியியலாரின் தனிக் கவனத்துக்குரியது. ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்தி 1871ஆம் ஆண்டு வெளிவந்த பெயர்ப்பே சீர்திருத்தச் சபைகளில் இன்றும் பெருவழக்காக உள்ளது. கிரேக்க மூலத்தில் ‘எத்னே’ என்னும் சொல் ‘மக்களினங்கள்’ என்று பொருள்படுவது. யூதரல்லாதவரைக் குறிக்க வழங்குவது. அறியாமை என்ற பொருட்கூறு அதில் இல்லை. பவர் பெயர்ப்பில் மத்தேயு 10:5இல் இச்சொல் ‘புறஜாதியார்’ ஆகிறது; அதே நூலில் 6:32இல் அதே சொல் ‘அஞ்ஞானிகள்’ ஆகிறது. 6:7இல் வரும் அதன் வழிச்சொல்லும் ‘அஞ்ஞானிகள்’ என்றே பெயர்க்கப்பட்டுள்ளது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் 5:1, 10:20, 12:2 ஆகிய இடங்களிலும் ‘அஞ்ஞானிகள்’ என்பதே காணப்படுகிறது. யூதர் என்பதோடு எதிர்நிறுத்தப்படும் இடத்தில் ‘புறஜாதி’, வழிபாடோ ஒழுக்கமோ பழிக்கப்படும் இடத்தில் ‘அஞ்ஞானி’ என்ற ஒரு பகுப்பைப் பெயர்ப்பாளர் மனத்தில் கொண்டிருந்தனர் எனலாம். ஆனால் அதுவும் ஒழுங்காகப் பின்பற்றப்படவில்லை. விக்கிரக வழிபாட்டையே பழிக்கும் 1 பேதுரு 4:3இல் ‘புறஜாதிகள்’ என்றே உள்ளது.

இதனினும் குறிப்பிடத்தக்கது வேறொன்று. கிரேக்கத்தில் உண்மையாகவே ‘அறியாமை’ என்னும் சொல் வரும் இடங்கள் உள்ளன. அப்போஸ்தலர் நடபடிகள் 3:17இல் அது எருசலேமின் யூதரைப் பற்றியது; 17:30இல் அது கடந்த காலங்களைப் பற்றியது. இரண்டிடத்திலும் பவர் பெயர்ப்பு ‘அறியாமை’ என்ற தமிழ்ச் சொல்லையே ஆள்கிறது. மூலத்தில் அறியாமை உள்ள இடத்தில் ‘அஞ்ஞானம்’ இல்லை. மூலத்தில் அறியாமை இல்லாத இடத்தில் ‘அஞ்ஞானி’ உண்டு. ஒருபொருட் சொற்களாக அகராதி காட்டும் இரண்டும் இவ்வாறு வேலைப் பங்கீடு பெற்றுள்ளன. அறியாமை என்பது மன்னிக்கத்தக்க குறை. அஞ்ஞானம் என்பது ஒரு சமூகத்தின் பெயர்.

ஆங்கிலப் பெயர்ப்பின் செல்வாக்கே இதற்குக் காரணம் எனக் கூறுவது எளிது. ஆனால் அது பொருந்தாது. 1611ஆம் ஆண்டு ஆங்கிலப் பெயர்ப்பு மத்தேயு 6:7இல் மட்டுமே இழிபொருள் மிக்க ‘ஹீதன்’ என்பதை ஆள்கிறது. மேற்காட்டிய ஏனைய இடங்களில் ‘ஜென்டைல்’ என்றே உள்ளது. லூத்தரின் ஜெர்மன் பெயர்ப்பில் ‘ஹைடன்’ என்னும் ஒரே சொல் இரு பொருளையும் சுமக்கிறது. தமிழ்ப் பெயர்ப்பு மரபைத் தொடங்கியவர் ஜெர்மானியர் என்பதை நோக்க, அவ்வொரு சொல் தமிழில் இரண்டாகப் பிளந்தது எனக் கருத இடமுண்டு. எவ்வாறாயினும் பழிச்சொல்லின் பரப்பு ஆங்கிலத்தைவிடத் தமிழில் அகன்றுள்ளது.

திருவனந்தபுரத்தின் மலையாளக் கிறித்தவர் இதே இடங்களை வேறாகப் படிக்கின்றனர். 1910ஆம் ஆண்டின் மலையாள சத்தியவேதபுத்தகம் மத்தேயுவின் மூன்று இடங்களிலும் ‘ஜாதிகள்’ என்ற ஒரே சொல்லைக் கொண்டுள்ளது. மூலத்துக்கு அது நெருக்கமே. ஆயினும் அங்கு வேறொரு இடர் உண்டு. ‘ஜாதி’ என்பது இன்றைய மலையாளத்தில் வருணப் பிரிவையே முதலில் உணர்த்தும். ‘ஜாதிகளைப் போல’ என்ற தொடரைப் புதிதாகக் கேட்கும் இளைஞர் எதை உணர்வார் என்பது ஐயத்துக்குரியது. கத்தோலிக்கரின் 1981ஆம் ஆண்டு மலையாளப் பெயர்ப்பு ‘விஜாதீயர்’ என மாற்றியது. சிக்கல் குறைந்தது, நீங்கவில்லை. தமிழில் 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘பிற இனத்தார்’, ‘பிற இனத்தவர்’ என்பவற்றைத் தேர்ந்தது. நான்கு தீர்வுகளிலும் இதுவே மூலப்பொருளை மிகைப்படுத்தாதது என்பதில் தயக்கமில்லை. ஆனால் சீர்திருத்தச் சபைகளின் மேடைமொழியை அது தொடவில்லை. பண்டிகை வெளியீடுகள் அம்மேடைமொழியிலேயே எழுதப்படுகின்றன.

ஓண விவாதத்தில் தவறாது எடுத்தாளப்படும் பகுதி 1 கொரிந்தியர் பத்தாம் அதிகாரம். 20ஆம் வசனத்தில் பலியிடுபவர் ‘அஞ்ஞானிகள்’. பலி பெறுபவை ‘பேய்கள்’. மலையாளத்தில் அவை ‘ஜாதிகள்’, ‘பூதங்கள்’. நற்செய்தி நூல்களில் இதே கிரேக்கச் சொல்லைப் பவர் குழு ‘பிசாசு’ என்றே பெரும்பாலும் பெயர்த்தது. இங்கு ‘பேய்’ எனப் பெயர்த்தது. தென்திருவிதாங்கூரிலும் திருநெல்வேலியிலும் ‘பேய்க்கோயில்’ என்பது மாடனும் இசக்கியும் உறையும் இடத்துக்கு மிஷனரிமார் கையாண்ட பெயர். திருநெல்வேலி நாடார்களைப் பற்றிக் கால்டுவெல் 1849இல் எழுதிய நூலிலும், திருவனந்தபுரத்தில் பணியாற்றிய சாமுவேல் மேற்றீர் 1871இலும் 1883இலும் வெளியிட்ட நூல்களிலும் அவ்வழிபாடு ‘டெவில்’ வழிபாடு என்றே விவரிக்கப்பட்டது. ஆகவே இவ்வசனத்தைக் கேட்கும் இப்பகுதிக் கிறித்தவருக்குக் கொரிந்து நகரம் தோன்றுவதில்லை. ஊர் எல்லையிலுள்ள பீடம் தோன்றுகிறது.

அதே அதிகாரத்தின் 27ஆம் வசனம் விருந்துக்கு அழைப்பவரைப் பற்றியது. அங்கு மூலச்சொல் வேறு, தமிழில் ‘அவிசுவாசி’. அவர் அழைத்தால் போய், முன்வைத்ததை விசாரிக்காமல் உண்ணலாம் என்பதே அப்போஸ்தலரின் அறிவுரை. ஓணச் சோறு பற்றிய வினாவுக்கு நேராகப் பொருந்துவது இவ்வசனமே. ஆனால் ‘அஞ்ஞானி’, ‘பேய்’ என்னும் உள்ளூர்ச் சொற்கள் ஏறிய 20ஆம் வசனம் காதில் நிற்கிறது. ‘அவிசுவாசி’ என்னும் நிறமற்ற சொல்லைக் கொண்ட 27ஆம் வசனம் நிற்பதில்லை. பெயர்ப்பாளரின் சொல்தேர்வு ஒரு வாதத்தின் எடையை எவ்வாறு மாற்றும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று காண்பது அரிது.

ஓணத்தைப் பற்றிய திருச்சபை ஆணை புதியதன்று. 1599ஆம் ஆண்டு பேராயர் மெனேசிஸ் கூட்டிய உதயம்பேரூர் சங்கம், ஓணநாளில் ஆயுதம் தாங்கி நிகழ்ந்த போர்விளையாட்டில் கிறித்தவர் சேரலாகாது என விதித்தது. தடையே வழக்கத்துக்குச் சான்று. அதுவரை மார்த்தோமாக் கிறித்தவர் சேர்ந்திருந்தனர் என்பது அதிலிருந்து தெளிவு. சில ஆண்டுகளுக்குள் மதுரையில் தெ நொபிலி பொங்கலுக்கு வேறு வழி கண்டார். சிலுவையின் அடியில் பானை பொங்க இடமளித்தார். 601ஆம் ஆண்டு போப் முதலாம் கிரகோரி பிரித்தானியக் கோயில்களையும் விழாக்களையும் பற்றி மெல்லிற்றஸுக்கு எழுதிய அறிவுரையின் வழியே அது. 1623இல் உரோமாபுரி தெ நொபிலியின் முறைகளுக்குப் பெரும்பாலும் இசைந்தது. 1704இல் தூர்நோன் புதுச்சேரியில் பலவற்றைத் தடுத்தார்; 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் அத்தடையை உறுதி செய்தார். 1969இல் மீண்டும் ஆரத்தி முதலிய பன்னிரு அம்சங்களுக்கு இசைவு கிடைத்தது.

சொற்பிறப்பைச் சான்றாக்கும் வாதம் தனியே நோக்கத்தக்கது. ‘ஈஸ்டர்’ என்பது ஒரு பெண்தெய்வத்தின் பெயரிலிருந்து வந்தது. ஆதலின் அவ்விழா புறச்சமயத்தது என ஆங்கில வெளியீடுகள் கூறும். அத்தெய்வத்துக்கு முதற்சான்று 725ஆம் ஆண்டில் பீடு எழுதிய நூலே. அச்சான்றை ஏற்றாலும் அது ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் மட்டுமே பொருந்தும். தமிழ் வேதாகமம் ‘பஸ்கா’ என்கிறது. மலையாளம் ‘பெசஹா’ என்கிறது. கத்தோலிக்கர் ‘உயிர்ப்பு விழா’ என்பர். 1611ஆம் ஆண்டு ஆங்கிலப் பெயர்ப்பு நடபடிகள் 12:4இல் ‘ஈஸ்டர்’ என எழுதிய இடத்தில் பவர் பெயர்ப்பு ‘பஸ்கா’ என்றே எழுதிற்று. இலங்கைத் தமிழரின் ‘நத்தார்’ போர்த்துக்கீசிய ‘நத்தால்’ என்பதன் திரிபு. பிறப்பு என்பதே அதன் பொருள். ஆங்கிலச் சொற்பிறப்பைத் தமிழில் பெயர்த்து, அதைத் தமிழ் விழாவின் தோற்றமாகக் காட்டுவது மொழியியலில் அடிப்படைப் பிழை.

டிசம்பர் 25ஐப் பற்றிய வரலாறும் வெளியீடுகள் கூறும் அளவுக்கு எளிதன்று. 354ஆம் ஆண்டின் உரோமை நாட்குறிப்பு கிறிஸ்துவின் பிறப்பையும் வெல்லப்படாதவனின் பிறப்பையும் அதே நாளில் காட்டுகிறது. எது எதை ஒட்டியது என்பதில் அறிஞர் வேறுபடுகின்றனர். மார்ச் 25இலிருந்து ஒன்பது மாதம் கணக்கிட்டே இந்நாள் பெறப்பட்டது என்னும் கருத்தை 1986இல் தாமஸ் டாலி வலுவாக முன்வைத்தார்.

தோற்றமே பொருள் என்னும் கொள்கையைக் கடைப்பிடிப்போர் ‘ஞாயிறு’ என்பதைப் பற்றி ஒன்றும் கூறுவதில்லை. ஆறாம் நூற்றாண்டில் பிராகா நகர மார்ட்டின் கிழமைகளுக்குத் தேவர் பெயர் வழங்குவதைக் கண்டித்தார். போர்த்துக்கீசியர் இன்றும் திங்கள் முதல் வெள்ளி வரை எண்ணால் குறிப்பர். தமிழ்ச் சபைகளோ ஞாயிறு ஆராதனை, ஞாயிறு பள்ளி என்பவற்றை எவ்விடரும் இன்றி வழங்குகின்றன. வெளிப்படுத்தின விசேஷத்தின் ‘கர்த்தருடைய நாள்’ அன்றாடப் பேச்சுக்கு வரவில்லை. ‘ஓணம்’ என்பதும் ஒரு நாண்மீனின் பெயரே. மதுரைக்காஞ்சி அந்நாளை மாயோனோடு இணைத்துப் பேசுகிறது என்பதும், 1961இல் கேரள அரசு அதை மாநில விழாவாக்கியது என்பதும் ஒரு சொல்லின் வரலாற்றில் அடுத்தடுத்த ஏடுகள்.

பெயர்ப்பாளர்க்கு நடைமுறையில் மூன்று வேறு நிலைகள் உள்ளன. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷன் நூல்களைப் பதிப்பிக்கையில் ‘அஞ்ஞானம்’ என்பதை அவ்வாறே விடவேண்டும். அதை ‘பிற சமயம்’ என மென்மையாக்குவது அந்நூலாசிரியர்களைப் பற்றிப் பொய் சொல்வதாகும். பண்டை உரோமரையோ கெல்டியரையோ பற்றிய நூல்களில் அம்மக்களின் பெயரையே இடுவது பொருத்தம். ‘உரோமரின் சூரிய விழா’ என்றால் வாசகர் ஆட்டுக்காலையும் ஓணத்தையும் நினைக்கமாட்டார். மூன்றாவது புதியது. ஐஸ்லாந்தில் பழந்தெய்வ வழிபாட்டினரின் அமைப்பு 1973இல் அரசின் ஏற்பைப் பெற்றது. பிரித்தானியாவில் ‘பேகன்’ என்பதைத் தம் பெயராகவே சூடிக்கொண்ட கூட்டமைப்பு 1971 முதல் இயங்குகிறது. இவர்களைப் பற்றிய கிறித்தவ நூல் ஒன்றைத் தமிழாக்குபவர் ‘அஞ்ஞானிகள்’ என எழுதினால், ஒருவர் தமக்கு இட்டுக்கொண்ட பெயரைப் பிறர் இட்ட பழிப்பெயராக மாற்றியவராவார். ‘புறஜாதியார்’ எனினும் அதுவே. இங்கு ‘பேகன் சமயத்தார்’ என்ற கடன்சொல்லே ஏற்றது. முதல் ஆட்சியில் ஒருவரி விளக்கம் சேர்த்தால் போதும்.