மீட்பும் மீட்சியும்: வன்முறை ஆய்வுகளைத் தமிழாக்குவதில் வினைச்சொல்லின் இடம்

வன்முறைக்கு ஆளானோரின் உளநிலை பற்றிய ஆய்வுகள் தமிழாக்கம் பெறும்போதெல்லாம் முதலில் எழும் வினா கலைச்சொல் பற்றியதாகவே இருந்துவருகிறது. 'ட்ராமா' என்பதற்கு அதிர்ச்சி எனலாமா, உளக்காயம் எனலாமா, மனவடு எனலாமா என்று பட்டியல்கள் நீள்கின்றன. இவ்விவாதம் வேண்டாததன்று. ஆயினும் பெயர்ச்சொல்லின்மீது செலுத்தப்படும் கவனத்தில் சிறுபங்குகூட வினைச்சொல்லின்மீது செலுத்தப்படுவதில்லை. ஒரு கொடுமையைச் செய்தவர் யார், அது யாருக்கு நேர்ந்தது, சொல்பவர் எதனைச் சொல்லாமல் விடுகிறார் என்பனவற்றையெல்லாம் வாக்குமூலத்தில் தாங்கி நிற்பது வினையே. 1947ஆம் ஆண்டுப் பிரிவினை வன்முறையைப் பற்றி இந்தியாவில் எழுந்த ஆய்வுகளை முன்வைத்து இதனை இங்கு நோக்கலாம். அவ்வாய்வுகளில் பாதிக்கப்பட்டோர் பேசியது பெரும்பாலும் பஞ்சாபியிலும் இந்துஸ்தானியிலும், அச்சேறியது ஆங்கிலத்தில். தமிழ் மொழிபெயர்ப்பாளர் கையில் அப்பேச்சு மூன்றாம் நிலையில்தான் வந்து சேர்கிறது.

பெயர்ச்சொல் பற்றிய தகராறு

கிரேக்க மொழியில் 'ட்ராமா' என்பது உடலில் பட்ட காயத்தைக் குறித்த சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அது உள்ளத்தின் காயத்துக்கும் பெயராயிற்று. முதல் உலகப் போரின்போது, 1915இல், சார்லஸ் மயர்ஸ் என்னும் மருத்துவர் 'ஷெல் ஷாக்' என்ற தொடரை மருத்துவ இதழில் கையாண்டார். 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலின் மூன்றாம் பதிப்பு இந்நோய்க்குத் தனிப்பெயர் தந்தது. தமிழ்நாட்டில் அப்பெயரை 'அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்' என வழங்குகின்றனர். இத்தொடரில் இரண்டு இடர்ப்பாடுகள் உள்ளன. மன அழுத்தம் என்பதைச் சோர்வு நோய்க்கும் நாம் வழங்குவதால் இரு நோய்கள் ஒரு பெயருக்குள் அடைபடுகின்றன. மற்றொன்று இதனினும் பெரிது. அதிர்ச்சி ஒரு கணத்தில் தோன்றி அடங்குவது. தேர்தல் முடிவு கண்டும் விலைவாசி கண்டும் நாளிதழ்களில் மக்கள் நாள்தோறும் 'அதிர்ச்சி அடைகின்றனர்'. அக்கணம் கடந்த பின்னரும் நீங்காது திரும்பத் திரும்ப வருவதையே ஆய்வாளர் 'ட்ராமா' என்கின்றனர். தமிழ்ச்சொல் தொடக்கத்தைச் சுட்டி நின்றுவிடுகிறது, தொடர்ச்சியைச் சுட்டவில்லை.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தினூடே உளமருத்துவப் பணியாற்றிய தயா சோமசுந்தரம் முதலியோர் இதற்கு 'மனவடு' என்ற சொல்லை நிலைபெறச் செய்தனர். 1998இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூலின் தலைப்பும் வடுப்பட்ட மனங்களையே பேசுகிறது. ஈழத்து வழக்கில் 'ஸ்ட்ரெஸ்' என்பதற்கு 'நெருக்கீடு' என்ற சொல் உண்டாதலின் அங்கு முன்சொன்ன குழப்பமும் இல்லை. நோயாளியின் முன்னமர்ந்து பேசவேண்டிய தேவையிலிருந்து பிறந்த சொற்கள், குழுக்களில் ஆக்கப்பட்ட சொற்களைவிடப் பொருத்தமாக அமைந்திருப்பது வியப்பன்று. ஒன்றுமட்டும் கருதத்தக்கது. வடு என்பதற்குத் தழும்பு என்னும் பொருளோடு பழி, குற்றம் என்னும் பொருள்களும் பழந்தமிழில் உண்டு. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணைப் பற்றி எழுதுகையில் இந்நிழல் மேலே படியாமல் காக்கவேண்டிய பொறுப்பு மொழிபெயர்ப்பாளருக்கு இருக்கிறது. இவ்வளவில் பெயர்ச்சொல்லை விடுத்து வினைக்குச் செல்லலாம்.

மீட்டவரும் மீண்டவரும்

தமிழில் மீள் என்னும் அடி 'மீண்டாள்' எனவும் வரும், 'மீட்டனர்' எனவும் வரும். திருந்து–திருத்து, அடங்கு–அடக்கு என்பன போல இவையும் இணைகளாகும். இவ்விணைகளைத் தன்வினை, பிறவினை என்று இலக்கணநூலார் பகுத்தனர். கு. பரமசிவம் 1979இல் வெளிவந்த தம் ஆய்வில், இவ்வேறுபாடு செயப்படுபொருள் உண்டா இல்லையா என்பதைச் சார்ந்ததன்று, எழுவாய் செயலுக்கு உட்படுகிறதா செயலை இயக்குகிறதா என்பதைச் சார்ந்தது என்று நிறுவினார். அவருடைய பகுப்பு வன்முறை ஆய்வுகளுக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை மொழியியலார் இன்னும் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

ஆங்கிலத்தில் 'ரிகவரி' என்பது ஒரே சொல். 1949ஆம் ஆண்டு இந்திய அரசியல் நிர்ணய சபை இயற்றிய கடத்தப்பட்டோர் சட்டத்தின் பெயரிலும் அச்சொல் உள்ளது. ஜூடித் ஹெர்மன் 1992இல் வெளியிட்ட புகழ்பெற்ற உளமருத்துவ நூலின் பெயரிலும் அச்சொல் உள்ளது. முன்னது மீட்பு, பின்னது மீட்சி. முன்னதில் எழுவாய் காவலரும் அரசும். பின்னதில் எழுவாய் பாதிக்கப்பட்டவர். ஆங்கிலம் மறைத்துவைத்திருப்பதைத் தமிழ் வெளிப்படுத்தியே ஆகவேண்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் இதனைச் சுமையாகக் கருதாமல் வாய்ப்பாகக் கருதவேண்டும்.

ஏனெனில் வரலாற்றில் இவ்விரண்டும் ஒன்றாக இருக்கவில்லை. பிரிவினையின்போது இரு நாடுகளிலுமாக ஏறத்தாழ 75,000 பெண்கள் கடத்தப்பட்டனர் என்பது ஆய்வாளர் பரவலாக வழங்கும் மதிப்பீடு. அடுத்துவந்த ஆண்டுகளில் 30,000 அளவினர் 'மீட்கப்பட்டனர்'. திரும்பிச் செல்ல மறுத்தவர்களும் அவர்களுள் இருந்தனர் என்பதை ரித்து மேனனும் கம்லா பாசினும் 1998இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியுள்ளனர். அப்பெண்ணின் விருப்பம் சட்டத்தின்முன் பொருட்டாகவில்லை. சட்டத்தின் சொல்லாட்சி கூர்ந்து நோக்கத்தக்கது. அதன் தலைப்பு 'கடத்தப்பட்டோர்' என்கிறது. விளக்கப் பிரிவோ 1947 மார்ச் 1க்குப் பின்னும் 1949 ஜனவரி 1க்கு முன்னும் குடும்பத்தைப் பிரிந்து, வேறொருவரோடு வாழ்பவராகவோ வேறொருவரின் கட்டுப்பாட்டில் இருப்பவராகவோ காணப்படும் பெண் என்கிறது. தலைப்பில் கடத்தியவன் ஒருவன் இருக்கிறான்; விளக்கத்தில் அவன் இல்லை. கடத்தலை மெய்ப்பிக்காமலே ஒரு பெண்ணைக் கொண்டுசெல்ல இவ்வினைமாற்றம் இடமளித்தது. இப்பிரிவைத் தமிழாக்குபவர் 'பிரிக்கப்பட்ட' என்று எழுதினால் சட்டம் சொல்லாத ஒன்றைச் சொல்லியவராவார். 'பிரிந்த' என்பதே நேரானது. நம் காதுக்கு அது குறைபாடுடையதுபோல் ஒலிப்பினும், அக்குறைபாடு சட்டத்தினுடையது.

சாதத் ஹசன் மண்ட்டோவின் 'கோல் தோ' (1948) என்னும் உருதுச் சிறுகதை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. காணாமற்போன மகளைத் தேடித்தருமாறு ஒரு தந்தை தம் சமூகத்துத் தொண்டர் இளைஞர்களிடம் வேண்டுகிறார். அவர்கள் அவளைக் கண்டுபிடிக்கின்றனர். பின்னர் உணர்வற்ற நிலையில் அவள் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும்போது, சன்னலைச் சுட்டி மருத்துவர் சொல்லும் ஏவலைக் கேட்ட அவளுடைய கைகள் ஆடையின் நாடாவை அவிழ்க்கின்றன. மீட்டவர்கள் செய்தது இன்னதென்று கதை ஓரிடத்திலும் கூறவில்லை; ஒரு வினைச்சொல்லுக்கு உடல் தரும் மறுமொழியே அதனைக் கூறிவிடுகிறது. உருதுவில் 'கோல்னா' என்பது சன்னலுக்கும் நாடாவுக்கும் பொதுவான வினை. தமிழில் சன்னலைத் திறக்கிறோம், நாடாவை அவிழ்க்கிறோம். 'திற' என்று பெயர்த்தால் அவள் முன்பு பலமுறை கேட்ட சொல் இதுவே என்னும் குறிப்பு நழுவுகிறது. 'அவிழ்' என்று பெயர்த்தால் மருத்துவரின் பேச்சு பொய்யாகிறது. இரண்டையும் இணைக்க அடிக்குறிப்பு இடுவதோ, கட்டிவைத்த திரைச்சீலை ஒன்றைப் புதிதாகப் புகுத்துவதோ கதையைக் கொல்வதாகும். 'திற' என்றே விடுத்து, சொல்லுக்கும் கைகளின் செயலுக்கும் இடையே விழும் பிளவை வாசகர் தாமே கடக்க விடுவதுதான் ஏற்றது என்பது என் துணிபு.

வாக்கியத்தின் நடுவே மாறும் வினை

1984இல் தில்லியில் சீக்கியர்மீது நிகழ்ந்த வன்முறையை அடுத்துப் பிரிவினையை மீண்டும் நினைவுகூர்ந்த முதியோரின் பேச்சே ஊர்வசி புட்டாலியாவை வாக்குமூலங்கள் திரட்டத் தூண்டியது. 1998இல் வெளிவந்த அவருடைய நூலில் அமிர்தசரஸில் வாழ்ந்த சீக்கிய முதியவர் ஒருவர், தாமும் உடன்பிறந்தாரும் ஊரைவிட்டு வெளியேறுமுன் குடும்பத்தைச் சேர்ந்த பெண்கள், குழந்தைகள் உள்ளிட்ட பதினேழு பேருக்கு நேர்ந்ததைச் சொல்கிறார். கொன்றதைக் குறிக்கும் வினையில் தொடங்கிய அவர், வாக்கியம் முடியுமுன்னே அதனைக் கைவிட்டு, அவர்கள் உயிர்த்தியாகிகள் ஆயினர் என்னும் பொருளுடைய வினைக்கு மாறுகிறார். எழுவாய் 'நாங்கள்' என்பதிலிருந்து 'அவர்கள்' என்பதற்கு நகர்கிறது. ஐம்பது ஆண்டுகள் அவர் சுமந்த பாரம் அந்த ஒரு திருத்தத்தில் அடங்கியிருக்கிறது என்றால் மிகையாகாது.

தமிழில் நல்ல நடை எழுதப் பழகியவர் இவ்விடத்தில் என்ன செய்வார்? 'கொன்றோம்' என்பதை நாத்தவறாகக் கொண்டு நீக்குவார். அல்லது 'கொன்று தியாகிகளாக்கினோம்' என்று இரண்டையும் ஒட்டுவார். பின்னது மிகத் தவறு. அது பேசியவர் ஏற்க மறுத்த பொறுப்பை அவர்மீது ஏற்றுவதோடு, தியாகம் என்னும் மதிப்பீட்டை மொழிபெயர்ப்பாளரே வழிமொழிந்ததாகவும் ஆக்கிவிடுகிறது. 'கொன்றோம்— அவர்கள் தியாகிகள் ஆனார்கள்—' என்று முறிவோடு விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

1947 மார்ச்சில் இராவல்பிண்டி மாவட்டத்துத் தோவா கால்சா என்னும் ஊரில் ஏறத்தாழ 90 பெண்கள் கிணற்றில் விழுந்து இறந்தனர். பீஷ்ம சாஹ்னியின் 'தமஸ்' நாவலிலும் இத்தகைய காட்சி உண்டு. குதித்தனர், விழுந்தனர், மாய்த்துக்கொண்டனர், தள்ளப்பட்டனர் என எவ்வினையைத் தேர்ந்தாலும் ஒரு தீர்ப்பு வந்துவிடுகிறது. 'கொள்' என்னும் துணைவினை விருப்பத்தை உள்ளே கொணர்கிறது. அவ்விருப்பம் அப்பெண்களுடையதுதானா என்பதே புட்டாலியா எழுப்பும் வினா. மூலத்தில் வெறும் 'குதித்தனர்' இருக்குமிடத்தில் 'மாய்த்துக்கொண்டனர்' என்று அழகுபடுத்தும் பழக்கம் நம்மிடையே மிகுதி.

எச்சமும் முற்றும்

ஆங்கிலத்தின் குறுவாக்கியங்களை வினையெச்சங்களால் கோத்து ஒரே தொடராக்குவது தமிழ் மொழிபெயர்ப்பில் போற்றப்படும் திறன். கட்டுரைக்கு அது நன்று, வாக்குமூலத்துக்குத் தீங்கு. 'வந்து, இழுத்து, பூட்டி' என்னும் தொடர் காலவரிசையையும் ஒரே எழுவாயையும் தானாகவே கொண்டுவருகிறது. கொடுமைக்கு ஆளானவர் சொல்லும்போது வரிசை குலைந்திருக்கலாம். வந்தவன் வேறு, பூட்டியவன் வேறாக இருக்கலாம். நினைவு சிதறுவது இந்நோயின் இயல்பா என்பதில் உளவியலாரிடையே ஒருமித்த கருத்து இல்லை. அம்முடிவு எதுவாயினும், சிதறலை ஒட்டவைப்பது மொழிபெயர்ப்பாளரின் வேலையன்று. ஒவ்வொரு செயலும் தன் முற்றோடு தனித்து நிற்கட்டும். நடை தட்டுப்படுகிறதே என்று பதிப்பாசிரியர் குறைகூறுவர், தட்டுப்படட்டும்.

தன்மைப் பன்மையிலும் இத்தகைய இக்கட்டு உண்டு. ஆங்கிலத்திலும் பஞ்சாபியிலும் நாம், நாங்கள் என்னும் வேறுபாடு இல்லை. கேட்பவரும் தம் சமூகத்தவரே என்று எண்ணிப் பேசும் முதியவருக்கு 'நாம்' பொருந்தும். ஆனால் அச்சொல் தமிழ் வாசகரையும் அச்சமூகத்துக்குள் இழுத்துக்கொள்கிறது. செய்தவரைக் குறிக்க அவன், அவர், அவர்கள் என்பவற்றுள் எதனைத் தேர்வதென்பதும் இவ்வாறே. மூலத்தில் இல்லாத சினத்தை 'அவன்' என்பதால் ஊட்டிவிடுகிறோம்.

சொல்லாமையையும் பெயர்க்கவேண்டும். பஞ்சாபிப் பெண்களிடம் நெடுங்காலம் ஆய்வு செய்த வீணா தாஸ், தமக்கு நேர்ந்ததை அவர்கள் நிகழ்ச்சியாக விவரிக்காமல், நஞ்சைக் குடித்து உள்ளே வைத்துக்கொள்ளுதல் என்னும் உருவகத்தால் குறிப்பதை எடுத்துக்காட்டுகிறார். அம்மௌனம் நோயின் அறிகுறி மட்டுமன்று, அன்றாட வாழ்வைத் திரும்ப நெய்யும் முயற்சியுமாகும் என்பது அவர் வாதம். இங்குக் 'கற்பழிக்கப்பட்டனர்' என்று தெளிவுபடுத்தும் தமிழாக்கம் இரு பிழைகளைச் செய்கிறது. அப்பெண்கள் மூடிவைத்ததைத் திறக்கிறது. திறப்பதற்குக் கையாளும் சொல்லோ, அழிந்தது கற்பு என்று கூறி, கிணற்றங்கரையில் நின்ற ஆண்களின் நோக்கையே வழிமொழிகிறது. வன்புணர்ச்சி, பாலியல் வன்முறை என்னும் சொற்கள் இன்று வழக்கூன்றிவிட்ட நிலையில் பழைய சொல்லுக்கு இடமில்லை. மேற்கோளில் ஒருவர் வாய்மொழியாக வந்தாலன்றி.

'சர்வைவர்' என்பதைத் 'தப்பிப் பிழைத்தவர்' என்கிறோம். தமிழில் தப்பு, பிழை ஆகிய இரண்டுமே உயிர்தப்புதலையும் குற்றத்தையும் ஒருங்கே குறிப்பவை. குறி தவறுதல் என்னும் பொருளிலிருந்து இரு கிளைகளும் விரிந்திருத்தல் கூடும். உடனிருந்தோர் மாண்டபின் தாம்மட்டும் எஞ்சியது குற்றம் என்னும் உணர்வை, நாஜி முகாம்களிலிருந்து மீண்டவர்களிடம் வில்லியம் நீடர்லண்ட் 1960களில் விவரித்தார். அவ்வுணர்வைப் பேசும் பத்திகளில் இச்சொல் தானாகவே பொருள்செறிவு பெறுகிறது. மற்ற இடங்களில் 'உயிரோடிருப்பவர்' போதும்.

இறுதியாக, அந்நிகழ்ச்சியின் பெயர். பஞ்சாபிப் பேச்சுவழக்கில் அக்காலத்தை 'ரௌலா', அதாவது கூச்சல், அமளி என்று குறிப்பதுண்டு. ஈழத்தமிழர் போர் நிகழ்ந்த ஆண்டுகளைப் 'பிரச்சினை' என்று சொல்லக் கேட்கிறோம். பெரியதைச் சிறிய சொல்லால் குறிப்பது அதனைத் தாங்கும் ஒரு முறை. ஆங்கிலப் பதிப்பு அச்சொல்லை 'பார்ட்டிஷன்' என்று திருத்திவிட்டிருக்கும். மூலப் பதிவு கிடைக்குமாயின் கேட்டு, 'அந்த அமளியிலே' என்றே தமிழில் எழுதவேண்டும். 'பிரிவினை' என்னும் சொல் முன்னுரைக்கு உரியது.