கடற்கரையிற் கொடியேற்றம்: கல்முனைக் கந்தூரி பற்றிய நோக்குகள் குறித்து ஒரு விமர்சனம்

ஈழத்து நாட்டாரியல் ஆய்வுகளிலே கோயில் விழாக்கள் பெற்ற கவனத்தை முஸ்லிம் ஊர்களின் விழாக்கள் பெற்றன எனக் கூறுவதற்கில்லை. கிழக்கிலங்கை முஸ்லிம் மக்களின் கவிகள் ஏட்டிலேறின. அவர்கள் ஆண்டுதோறும் கூடும் விழாக்களோ ஆய்வாளர் கண்ணுக்குப் புறத்தேயே நின்றன. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்ற விழா இதற்குத் தக்க சான்றாகும். இதனைப் பற்றி வழங்கிவரும் மூன்று நோக்குகளை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

இவ்விழா நாகூர் ஆண்டகை எனப் போற்றப்படும் சாகுல் ஹமீது வலியுல்லாவின் நினைவாக ஹிஜ்ரி ஆண்டின் ஆறாம் மாதமாகிய ஜமாதுல் ஆகிரில் நிகழ்கின்றது. பள்ளியின் மினாராவிலே கொடி ஏற்றப்படும். மௌலூதும் பாவாமாரின் றாத்தீபும் தொடரும். இறுதியிலே கந்தூரிச் சோறு பகிரப்படும். இவ்வழக்கம் இருநூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது என்பது ஊரார் கணக்கு. வட இந்தியாவின் மாணிக்கப்பூரிற் பிறந்து, 16ஆம் நூற்றாண்டிலே நாகூரில் அடங்கியவர் இப்பெரியார். எனவே கல்முனையில் இருப்பது அவரது கபுறு அன்று, நினைவிடமே. பினாங்கிலும், 1828-1830 காலத்திற் சிங்கப்பூரிலும் தமிழ் முஸ்லிம்கள் இவர் பெயரால் எழுப்பிய தர்காக்களும் இத்தகையனவே. கடலோடிகளின் காவலராக அவர் கருதப்பட்டமையால், தமிழ் பேசும் முஸ்லிம்கள் கடல் கடந்து சென்ற இடமெல்லாம் அவர் நினைவும் உடன் சென்றது எனலாம்.

முதலாவது நோக்கு இதனை இந்துக் கோயில் விழாவின் எச்சமெனக் கொள்வது. கொடியேற்றம், நேர்ச்சை, அன்னதானம் ஆகிய ஒப்புமைகள் வெளிப்படை. ஆயின், ஒப்புமையைத் தோற்றுவாயாகக் கொள்ளல் ஆய்வு நெறியாகாது. அண்மையிலுள்ள பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் பதினெட்டு நாள் விழா பருவத்தோடு பிணைந்தது, தீமிதிப்போடு நிறைவுறுவது. கடற்கரைப் பள்ளி விழாவோ பிறைக் கணக்கின்படி ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவருகின்றது. வேளாண்மை வெட்டோடோ மாரியோடோ இதனை நிலையாகப் பிணைத்தல் இயலாது. இதன் கால ஒழுங்கு நாகூரைப் பார்த்தது.

இரண்டாவது நோக்கு மார்க்கத் தூய்மை பற்றியது. தர்கா வழிபாடு பித்அத் என்னும் வாதம் இஸ்லாமிய சிந்தனையுள் நெடுங்காலமாக நிலவிவருவது. அதனை வெறும் வெளிநாட்டு இறக்குமதி என ஒதுக்குதல் நேர்மையன்று. எனினும் 1970களின் பிற்பகுதி முதல் மத்திய கிழக்குத் தொழில்வாய்ப்பு கொணர்ந்த பணமும் புதிய மார்க்கக் கல்வியும் அவ்வாதத்திற்கு வலுவூட்டின என்பதையும் மறுக்க முடியாது. காத்தான்குடியில் 2004இலும் 2006இலும் சூபி நெறியினருக்கு எதிராக வன்முறை மூண்டமை, கருத்து வேறுபாடு எவ்வெல்லை வரை செல்லக்கூடும் என்பதைக் காட்டிற்று. மார்க்கத் தீர்ப்பு வழங்குதல் எமது பணியன்று. ஒரு விழா அகன்றால் அதன் இடத்திற் சமூகத்திற்கு எது வந்து சேர்கின்றது என வினவுதல் எமது பணியாகும்.

மூன்றாவது நோக்கு முற்போக்காளராகிய எம்மவரிடையே செல்வாக்குடையது. இவ்விழாவை இன ஒற்றுமையின் சின்னமாகப் போற்றுவதோடு அது அமைந்துவிடுகின்றது. நாகூரின் மிகவுயர்ந்த மினாராவைத் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப்சிங் கட்டுவித்தார் என்பது போன்ற செய்திகள் உவப்பானவையே. ஆயினும், 1985 ஏப்ரலில் இக்கரையோரத்தில் தமிழ்-முஸ்லிம் கலவரம் மூண்டபோதும், 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதோர் கொல்லப்பட்டபோதும் பொது விழா மரபு எவரையும் காக்கவில்லை. நிலம், அதிகாரம், ஆயுதம் பற்றிய வினாக்களுக்கு விழாவை விடையாகக் காட்டுதல் அவ்வினாக்களிலிருந்து நழுவுதலாகும்.

அங்ஙனமாயின் இதனை எவ்வாறு நோக்குதல் வேண்டும்? பள்ளியைச் சூழ்ந்த சமூக உறவுகளிலிருந்து தொடங்குதல் வேண்டும் என்பது எமது கருத்து. கிழக்கிலங்கைத் தமிழரிடையே போன்று முஸ்லிம்களிடையேயும் தாய்வழிக் குடிமுறை உண்டு. குடிக்கொரு மரைக்கார் என்ற முறையிலே பள்ளி நிருவாகமும் கந்தூரிக் கடமைகளும் பகிரப்பட்டன. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டம் நிருவாகத்தை அரச ஒழுங்கினுட் கொணர்ந்தது. குடிவழி உரிமை தளர்ந்தது. இத்தளர்ச்சியை முழுமையாக இழப்பு எனக் கூறோம். பழைய முறை பிறப்பால் வந்த மதிப்பைப் பேணியது. வசதியுடையோர் கந்தூரிக்கு ஈந்து புகழ் கொண்டனர். வறியோர் சோறு பெற்றனர். இவ்வேற்றத்தாழ்வை மறைத்து விழாவைப் புகழ்தல் விமர்சனமாகாது.

ஆனால் அதே விழாவிலே வேறோர் உண்மையும் உண்டு. தோணியும் கரைவலையும் வாழ்வாகக் கொண்டோருக்குத் தம் தொழிற்களமாகிய கடற்கரையே ஊரின் நடுவிடமாகும் நாட்கள் அவை. பள்ளிவாசலின் அன்றாட ஒழுங்கில் இடம் பெறாத பெண்கள் நேர்ச்சையோடும் பிள்ளைகளோடும் பொதுவெளியில் உரிமையுடன் கூடும் நாட்களும் அவையே. தூய்மை வாதமும் சரி, எம் பழைய பகுத்தறிவு வாதமும் சரி, இவ்விரு சாராரையும் கேளாமலே தீர்ப்பெழுதின.

2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது இலங்கையிலே மிக அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். கல்முனைக்குடிக் கரையோரம் பேரழிவுக்குள்ளாயிற்று. பின்னர் கிழக்கிற் கரையிலிருந்து 200 மீற்றர் வரை குடியிருப்புக்குத் தடை அறிவிக்கப்பட்டது. அது பின்பு தளர்த்தப்பட்டதாயினும், கரைவாசிகள் பலர் உள்ளே பெயர்ந்தனர். கொடியோ மீண்டும் அதே கரையில் ஏறியது. குடிபெயர்ந்தோர் தம் பழைய கரைக்கு ஆண்டுக்கொருமுறை திரும்பும் வாய்ப்பை அது தந்தது.

ஆகவே, கொடியேற்றம் வேண்டுமா வேண்டாமா என்னும் வினாவை அதன்பாற் செல்லும் மக்களே தீர்த்துக்கொள்வர். அச்சமின்றித் தீர்த்துக்கொள்ளும் உரிமை அவர்க்கு இருத்தல் வேண்டும் என்பதில் நாம் நடுநிலை வகிக்க இயலாது. பாவாமாரின் பைத்துகளையும், நேர்ச்சை வைத்த பெண்களின் வாய்மொழிகளையும், பள்ளிக் கணக்கேடுகளையும் அவர்களது இசைவோடு பதிந்து வைத்தல் தமிழாய்வின் உடனடிக் கடமையாகும். கவியை எடுத்துக்கொண்டு, அதனைப் பாடியவளின் விழாவைக் கைவிட்ட தவறு இனியும் தொடரலாகாது.