யாருடைய காயம் கதையில் நிற்கிறது?

சாண்ட் டான் குளோக்டாவுக்குப் படிக்கட்டு என்றாலே வெறுப்பு. ஜோ அபர்கிராம்பியின் 2006இல் வெளிவந்த 'த பிளேட் இட்செல்ஃப்' நாவலில் அவன் ஒரு விசாரணை அதிகாரி. சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்குவதுதான் அவன் தொழில். அதற்கு முன்னால் வாட்போட்டியில் வென்ற வீரன், ஊரே கொண்டாடிய அழகன். குர்கிஷ் பேரரசின் சிறையில் இரண்டு ஆண்டுகள் வதைபட்டுத் திரும்பியவன். மேல்வரிசையில் பல்லை விட்டுவைத்த இடங்களில் கீழ்ப்பல்லை எடுத்திருக்கிறார்கள். கீழே விட்ட இடங்களில் மேலே எடுத்திருக்கிறார்கள். வாயில் பாதிப் பல் மிச்சம் இருக்கிறது, ஆனால் ஒன்றுக்கு ஒன்று எதிர்ப்படாது. எதையும் மென்று தின்ன முடியாது. முத்தொகுதியின் மூன்று பாகங்கள் முழுக்க அவன் சாப்பிடும்போதும் மாடியேறும்போதும் கட்டிலிலிருந்து எழும்போதும் அந்தச் சிறை கூடவே வருகிறது.

இருண்ட காவிய மிகுபுனைவு என்னும் எழுத்துமுறையின் மிகச் சிறந்த பக்கம் இது. போர், கொள்ளை, வதை, துரோகம், நல்லவன் தோற்பது, நாயகனே கொலைகாரனாக இருப்பது ஆகியவை அதன் வழக்கமான சரக்கு. 1987இல் வெளிவந்த 'வார்ஹாமர் 40,000' என்ற விளையாட்டின் விளம்பர வரியிலிருந்து இதற்குக் 'கிரிம்டார்க்' என்ற பெயர் வந்தது. இன்று பதிப்பாளர்களும் வாசகர்களும் அதைச் சாதாரணமாகப் புழங்குகிறார்கள். இந்த நாவல்களில் எவ்வளவு ரத்தம் சிந்துகிறது என்பதை வைத்துப் பாராட்டுவதும் பழிப்பதும் நடக்கிறது. எனக்கு அந்த அளவுகோலில் நம்பிக்கை இல்லை. ஒரு கொடுமை நடந்து முடிந்தபின் கதை யாரோடு தங்குகிறது, பட்டவனோடா, அதைக் கடந்துபோகும் வீரனோடா என்று பார்த்தாலே இந்த வகையின் பெரும்பாலான நிறைகுறைகள் வெளிப்பட்டுவிடும்.

டோல்கீன் வெளிச்சத்தை எழுதினார், பின்வந்தவர்கள் இருளைக் கொண்டுவந்தார்கள் என்று வழக்கமாகச் சொல்வார்கள். அது பாதிதான் சரி. 1916இல் சோம் போர்முனையில் இருந்தவர் டோல்கீன். அவருடைய ஃப்ரோடோ கடைசி நொடியில் மோதிரத்தை எறிய முடியாமல் தோற்கிறான்; ஊர் திரும்பியபின்னும் காயம் ஆறாமல் வாழ முடியாதவனாகக் கப்பலேறுகிறான். ஆனால் தனிமனிதனின் காயத்தைத் திறந்து வைத்த டோல்கீன், நாட்டின் காயத்தை மூடிவிட்டார். அரகோர்ன் முடிசூடுகிறான், நன்றாக ஆள்கிறான், அவ்வளவுதான். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் கேள்வி எழுப்பியது இந்த இடத்தில். அரகோர்னின் வரிக்கொள்கை என்ன, தோற்ற ஓர்க்குகளை, அவர்களுடைய குழந்தைகளை அவன் என்ன செய்தான் என்று 2014இல் ஒரு நேர்காணலில் கேட்டார். 1996இல் வந்த 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நாவலில் இதற்கு அவர் ஏற்கெனவே வேலை தொடங்கியிருந்தார். அரசனின் அமைச்சராகத் தலைநகருக்கு வந்து சேரும் நெட் ஸ்டார்க்குக்கு முதலில் தெரியவருவதே, அரசு அறுபது லட்சம் பொற்காசு கடனில் இருக்கிறது, அதில் பாதி அரசியின் தந்தையிடம் வாங்கியது என்பதுதான். அதன்பின் அரண்மனையில் நடக்கும் ஒவ்வொரு உபசாரத்தையும் நாம் அந்தக் கடனோடு சேர்த்தே படிக்கிறோம்.

மார்ட்டினின் ஐந்து நூல்களில் எனக்கு மிக உயர்ந்த பகுதியாகத் தோன்றுவது பலரும் பேசும் திருமண விருந்துப் படுகொலை இல்லை. 'எ ஃபீஸ்ட் ஃபார் குரோஸ்' (2005) நூலில் மெரிபால்ட் என்ற நாடோடித் துறவி, கூட வரும் ஒரு பையனுக்குப் படையை விட்டு ஓடியவர்களைப் பற்றிச் சொல்லும் இடம் அது. ஊரை விட்டு வெளியே போயிராத உழவன் மகன் ஒருவன், அண்ணன் தம்பிகளோடும் பக்கத்து வீட்டுக்காரனோடும், கையில் கிடைத்த ஆயுதத்தோடு பிரபுவின் கொடிக்குப் பின்னால் போகிறான். முதல் சண்டையிலேயே சிலர் போய்விடுகிறார்கள். செருப்பு அறுந்தால் பிணத்தின் காலிலிருந்து கழற்றிக்கொள்கிறான். பசித்தால் தன்னைப் போன்ற இன்னொரு உழவனின் கோழியைத் திருடுகிறான். ஒருநாள் சுற்றிப் பார்த்தால் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை, எங்கே இருக்கிறோம் என்பதும் தெரியவில்லை. அப்போது எதிரியின் குதிரைப்படை வருகிறது, அவன் உடைந்துபோகிறான். தானும் அப்படிப் போனவன்தான் என்பது துறவியின் பேச்சு முடியும்போது தெரிகிறது. முன்னூல்களில் வழிப்பறிக்காரர்களாக வந்து செத்துப்போன பெயரில்லாதவர்கள் எல்லாரும் அந்த இரண்டு பக்கத்தில் மனிதர்களாகிவிடுகிறார்கள்.

இவ்வளவு செய்யக்கூடிய வகை, தன்னை நியாயப்படுத்த 'இதுதான் யதார்த்தம், இடைக்காலம் இப்படித்தான் இருந்தது' என்று சொல்லும்போது நான் ஒத்துக்கொள்வதில்லை. இடைக்கால ஐரோப்பாவில் பெரும்பாலோர் உழுது பிழைத்தவர்கள். பஞ்சம், கொள்ளைநோய், பிரசவம், நிலத்தகராறு, கோயில் திருவிழா, ஊர்ப்பஞ்சாயத்து ஆகியவற்றால் ஆனது அவர்கள் வாழ்க்கை. வகையின் இரண்டாந்தர நாவல்களில் இவற்றில் எதுவும் கிடையாது. வாளும் வதைக்கூடமும் வல்லுறவும் மட்டும் தேர்ந்தெடுத்து எடுக்கப்படுகின்றன. யதார்த்தம் என்று சொல்லி நடக்கும் இந்தத் தேர்வில் ரசனைதான் வேலை செய்கிறது. ரத்தத்தை ரசித்து எழுதுவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் களத்திலேயே பிணங்களைக் கொண்டு கூழ் சமைத்துக் காளிக்குப் படைத்து உண்கின்றன. அதைப் படித்து நாம் வியக்கிறோம். ஆனால் பரணி, வென்றவனின் புகழைப் பாடுகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு பாடுகிறது. இந்த நாவல்கள் அதே களிப்பைத் தந்துவிட்டு, வரலாற்றின் கசப்பான உண்மையைச் சொன்னதாகப் பெருமையும் கேட்கின்றன.

எரிக்கப்பட்ட இரண்டு ஊர்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். கிளென் குக் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். அவருடைய 'த பிளாக் கம்பெனி' (1984) கூலிப்படை ஒன்றின் கதை. படை மருத்துவனே அதன் வரலாற்றையும் எழுதுகிறான். பெரிய மந்திரவாதிகளின் போரை, புண்ணுக்குக் கட்டுப்போடுகிறவனின் கண்ணால் பார்ப்பது அன்று புதிது. அதில் கூட்டாளிப் படை ஒன்று ஒரு கிராமத்தைச் சூறையாடுகிறது. காது கேளாத, வாய் பேசாத சிறுமி ஒருத்தியை ரேவன் என்ற வீரன் மீட்டுக் கொண்டுவருகிறான். பரிதாபத்துக்காக வைத்த பாத்திரம் என்று நாம் நினைத்து நகர்ந்துவிடுகிறோம். ஆனால் டார்லிங் என்ற அந்தச் சிறுமிதான் பேரரசு அஞ்சிக்கொண்டிருக்கும் 'வெள்ளை ரோஜா'. படை சேவகம் செய்யும் அரசையே எதிர்த்து நிற்கப்போகிறவள். சூறையாடப்பட்ட கிராமம் இப்படிக் கதையின் நடுவுக்கு வந்துவிடுகிறது.

மார்க் லாரன்ஸின் 'பிரின்ஸ் ஆஃப் தார்ன்ஸ்' (2011) ஒரு கிராமத்தின் அழிவோடு தொடங்குகிறது. அழிப்பவன் பதின்வயதைத் தொடும் இளவரசன் ஜோர்க். கதையைச் சொல்பவனும் அவனே. அவன் குரலில் உள்ள வேகத்தையும் கூர்மையையும் மறுக்க முடியாது. படிக்கத் தொடங்கினால் கீழே வைக்க விடாது. தாயும் தம்பியும் கொல்லப்படுவதை முள்புதருக்குள் மாட்டிக்கொண்டு பார்த்தவன் அவன் என்பது மனதைத் தொடவும் செய்கிறது. ஆனால் அவன் பார்த்த கொலைக்கு மூன்று நூல்கள் இடம் கிடைக்கின்றன. அவன் செய்ததற்குப் பின் அந்த ஊர்க்காரர்களுக்கு என்ன ஆயிற்று என்பது நாவலின் கவலையாகவே இல்லை. அங்கே வன்முறைக்கு ஆளாகும் உழவன் ஒருவனின் மகள்கள், ஜோர்க் எவ்வளவு கெட்டவன் என்று நமக்குக் காட்டுவதற்காக மட்டும் அந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

பெண் உடல்மீதான வன்முறையை ஆணின் குணத்தை வரையும் கோடாகப் பயன்படுத்தும் இந்தப் பழக்கம்தான் வகையின் மிகப் பெரிய குறை. இதில் கடினமான வழக்கு ஸ்டீபன் டொனால்ட்சனுடையது. அவருடைய தந்தை இந்தியாவில் தொழுநோயாளிகளிடையே பணிபுரிந்த மருத்துவர். டொனால்ட்சனின் பிள்ளைப்பருவம் இங்கேதான் கழிந்தது. 1977இல் வந்த 'லார்ட் ஃபௌல்ஸ் பேன்' நாவலின் தாமஸ் கவனன்ட் ஒரு தொழுநோயாளி. உணர்ச்சியற்ற தன் கைகால்களில் எங்கேனும் காயம் பட்டிருக்கிறதா என்று ஓயாமல் சோதித்துக்கொண்டே இருக்கிறான். வேறோர் உலகுக்குப் போய்ச் சேர்கிறான், அங்கே ஒரு மண் அவன் நரம்புகளை உயிர்ப்பிக்கிறது. இது கனவு என்று நம்பியபடி, தனக்கு உதவிய லேனா என்ற சிறு பெண்ணை வல்லுறவு செய்கிறான். பலர் புத்தகத்தை அந்த இடத்திலேயே மூடிவிடுவது நியாயம்தான். மூடாமல் தொடர்ந்தால், அந்தக் குற்றம் மூன்று நூல்களையும் வளைப்பதைப் பார்க்கலாம். லேனாவின் தாய் அடியாரன், நடந்ததைத் தெரிந்துகொண்ட பிறகும், உலகைக் காக்கும் செய்தி அவனிடம் இருப்பதால் அவனுக்கே வழிகாட்டி அழைத்துப் போகிறாள். அந்தப் பயணத்தில் அவள் விழுங்கும் கோபத்துக்கு இணையான ஒன்றை இந்த வகையில் நான் அதிகம் படித்ததில்லை. அடுத்த நூலில் குற்றத்தால் பிறந்த மகளே நாட்டின் தலைவி. இத்தனைக்குப் பிறகும் லேனாவின் மனம் நமக்குத் திறக்கப்படவில்லை. அவள் சித்தம் கலங்கி, அவனுக்காகக் காத்திருந்து கிழவியாகிறாள். குற்றத்தின் விளைவைக் கடைசிவரை எழுதிய டொனால்ட்சனும் பட்டவளுக்கு ஒரு குரலை முழுதாகக் கொடுக்கவில்லை.

அதைக் கொடுத்தவர்கள் பின்னால் வந்தார்கள். ஆர். எஃப். குவாங்கின் 'த பாப்பி வார்' (2018), 1937இல் நான்ஜிங்கில் நடந்த படுகொலையைக் கற்பனை நகரம் ஒன்றில் வைத்து எழுதுகிறது. அந்த அத்தியாயத்தைத் தாங்குவது கடினம். ஆனால் அங்கே தப்பியவளான வென்கா நடந்ததைத் தன் வாயால் சொல்கிறாள், அடுத்த நூல்களில் போராளியாகத் திரும்புகிறாள். நாயகி ரின் பழிவாங்க ஒரு தீவு நாட்டையே எரிக்கும்போது, அதை வெற்றியாக நாவல் எழுதவில்லை. என். கே. ஜெமிசினின் 'த ஃபிஃப்த் சீசன்' (2015) இன்னும் ஆழமாகப் போகிறது. அங்கே நிலநடுக்கத்தை அடக்கும் ஆற்றலோடு பிறக்கும் பிள்ளைகளை அரசு பிடித்துவந்து பழக்குகிறது. டமாயா என்ற சிறுமியின் கையை, பாசமாகப் பேசிக்கொண்டே உடைக்கிறான் அவளுடைய காவலன். பழக்குதலுக்கு அடங்காத பிள்ளைகள் என்ன ஆகிறார்கள் என்பது ஒரு காவல்நிலையில் தெரியவருகிறது: மூளையை முடக்கி நாற்காலியில் கட்டிவைத்து, அவர்கள் ஆற்றலை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் வாழும் கண்டம் அதிராமல் இருப்பதே அந்தப் பிள்ளைகளால்தான். இந்த இருளுக்கு ஒரு காரணம் இருக்கிறது, பயனடைகிறவர்கள் இருக்கிறார்கள், கதை பட்டவளோடே நகர்கிறது. முத்தொகுதியின் மூன்று நூல்களும் 2016 முதல் 2018 வரை அடுத்தடுத்து சிறந்த நாவலுக்கான ஹியூகோ விருது பெற்றன. அதற்கு முன் யாருக்கும் அப்படிக் கிடைத்ததில்லை.

முடிவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அபர்கிராம்பியின் முத்தொகுதி முடியும்போது, வழிகாட்டும் கிழட்டு மந்திரவாதி பயாஸ்தான் எல்லாரையும் ஆட்டிவைத்தவன் என்று தெரிகிறது; நாயகர்களில் ஒருவனான போர்வீரன் லோகன் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கிறான். 2008இல் அது கன்னத்தில் விழுந்த அறை. அதையே நூறு பேர் திருப்பி எழுதியபின், 'யாரும் மாறமாட்டார்கள், எதுவும் திருந்தாது' என்பது பழைய சுப முடிவைப் போலவே எதிர்பார்த்த ஒன்றாகிவிட்டது. ஸ்டீவன் எரிக்சனின் பத்து மலாசன் நூல்கள் (1999–2011) இதற்கு மாற்று. தொல்லியலும் மானுடவியலும் படித்தவர் அவர். 'டெட்ஹவுஸ் கேட்ஸ்' (2000) நூலில் கோல்டெய்ன் என்ற தளபதி அகதிக் கூட்டத்தைப் பாலைவழியே நடத்திப் போகும் பகுதி, இரக்கத்தை இந்த வகையின் மையத்தில் வைக்கலாம் என்று காட்டியது. ஆனால் பாத்திரங்கள் நூற்றுக்கணக்கில் பெருக, பின்னூல்களில் இரக்கம் நிகழ்ச்சியாக வராமல் பேச்சாகவே வருகிறது.

மார்ட்டினின் ஐந்தாவது நூல் 2011இல் வந்தது, ஆறாவது இன்னும் வரவில்லை. தாமதத்துக்கு அவரைத் திட்டுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். ஒவ்வொரு காயத்தையும் திறந்தே வைத்துக்கொண்டு போகிறவருக்குக் கதையை மூடுவது டோல்கீனுக்கு இருந்ததைவிடப் பல மடங்கு கடினம். தொலைக்காட்சித் தொடர் 2019இல் அரியணைக்கு ஆள் பிடித்து முடித்துக்கொண்டது. நூல்களிலோ ஆற்றுநாட்டின் வயல்கள் போரில் எரிந்து கிடக்கின்றன, ஆண்டுக்கணக்கில் நீளக்கூடிய குளிர்காலம் தொடங்கிவிட்டது. யார் முடிசூடினாலும் எனக்கு ஒன்றுதான். மெரிபால்ட் பேசிய அந்த உழவர்கள் விதைநெல்கூட இல்லாமல் அந்தக் குளிர்காலத்தை எதைத் தின்று கடக்கிறார்கள் என்பதை அவர் எழுத வேண்டும். அதை எழுதத் தெரிந்தவர் இந்த வகையில் அவர்தான்.