நிறம் கற்பிக்கும் ஒரு படநூல்

நிறங்களைக் கற்பிக்கும் ஆங்கிலப் படநூல்களில் முஸ்லிம் இல்லம் ஒன்றைக் காண்பது அரிது. அக்குறை தீர வந்தது, ஹேனா கான் எழுத, மெஹ்ர்தொக்த் அமீனி ஓவியந்தீட்ட, 2012-இல் அமெரிக்காவில் வெளியான ‘கோல்டன் டோம்ஸ் அண்ட் சில்வர் லாண்டர்ன்ஸ்’ என்னும் நூல். சிறுமி ஒருத்தி தன் வாழ்வை நிறம் நிறமாகச் சொல்லிச் செல்கிறாள். தந்தை தொழும் விரிப்பு சிவப்பு, தாயின் முக்காடு நீலம், பாட்டனாரின் தொப்பி வெள்ளை, பேரீச்சம்பழம் பழுப்பு, மருதாணி செம்மஞ்சள், ஜகாத் பெட்டி மஞ்சள். ஓவியங்கள் கண்ணுக்கு விருந்து. தன் வீட்டுப் பொருள்களை அச்சில் காணும் குழந்தையின் மகிழ்ச்சி சிறிதன்று.

எனினும், இது நிறத்தைக் கற்பிக்கிறதா என்பதே நம் வினா. நூலின் வரிகள் ஒரு நிறத்திற்கு ஒரு பொருளையே முன்னிறுத்துகின்றன. சிவப்பு என்பது தொழுகை விரிப்பின் மற்றொரு பெயர் என்று மூன்று வயதுக் குழந்தை எண்ணிக்கொண்டால், அதன்மேல் குற்றமில்லை. பொருளைக் கொண்டு நிறத்தைச் சுட்டுவது மொழிகளின் பழைய வழக்கம்தான். அரபியில் பழுப்புக்கு வழங்கும் ‘புன்னீ’ என்னும் சொல் காப்பிக்கொட்டையின் பெயரிலிருந்து பிறந்ததே. ஆனால் அச்சொல் கொட்டையை விட்டு நீங்கி, மரத்துக்கும் தோலுக்கும் சென்ற பிறகன்றோ நிறப்பெயராயிற்று! திருமறையின் ஃபாத்திர் அத்தியாயம் கனிகளையும் மலைகளையும் மனிதர்களையும் கால்நடைகளையும் சொல்லும்போது, ஒவ்வோர் இனத்துள்ளும் பல நிறங்கள் இருப்பதையே சிந்திக்கச் சொல்கிறது.

ஆகவே, வாசித்துக் காட்டும் உம்மா பக்கத்தோடு நின்றுவிடலாகாது. வீட்டிலுள்ள பச்சை விரிப்பையும், சிவந்த மிளகாயையும் அருகில் வைத்துக் காட்ட வேண்டும். சொல்லும் முறையிலும் கவனம் தேவை. அரபியில் பொருள் முந்தும், நிறம் தொடரும். தமிழில் ‘சிவப்பு விரிப்பு’ என நிறம் முந்தினாலும், ‘இந்த விரிப்பு சிவப்பு’ என்று சொல்லவும் நம் மொழி இடந்தருகிறது. சிறு குழந்தைக்குப் பின்னதே எளிது. பொருள் கண்ணில் பட்டுவிட்டால், அதன் நிறம் எதுவென்று மட்டும் அது நோக்கினால் போதும்.

நூலின் தலைப்பிலேயே உள்ள பொன்னும் வெள்ளியும்தான் இடறுகின்றன. அவை நிறமென்பதைவிட உலோகத்தின் பளபளப்பு. மஞ்சளுக்கும் பொன்னுக்கும் தனித்தனிப் பக்கங்கள் இருக்க, காகிதத்தில் அவற்றைப் பிரித்தறியச் சிறு குழந்தை திகைக்கும். அவ்விரு பக்கங்களுக்கு மட்டும், உம்மாவின் காதணியையோ வெள்ளிக் கொலுசையோ கையில் கொடுத்துவிட்டு நூலைத் திறப்பது நலம்.