அருவிக்கரையில் கேமரா

சாரல் தொடங்கியதும் குற்றாலப் பேரருவிக் கூட்டத்தின் படங்களும் வரத் தொடங்கிவிடும். அவற்றைக் குறை சொன்னால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "பொது இடம்தானே? குத்துச்சண்டை அரங்கில் கூட்டத்தைப் படமெடுப்பதில்லையா?" இந்த ஒப்பீடு தவறு.

1971-ல் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் குத்துச்சண்டை வீரர்கள் அலியும் ஃபிரேசியரும் மோதியபோது, பாடகர் ஃபிராங்க் சினாட்ராவே 'லைஃப்' பத்திரிகைக்காகக் கேமராவோடு மேடையோரம் நின்றார். பார்ப்பதற்கும் பார்க்கப்படுவதற்கும் உடுத்திக்கொண்டு வந்த கூட்டம் அது. 1980-ல் சென்னை நேரு விளையாட்டரங்கில் அலி, ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். அங்கே திரண்டவர்களும் பார்வையாளர்களே. மேடையில் விழும் குத்து அவர்கள் முகத்தில் தெரியும். ஆகவே அந்த முகங்களும் சண்டையின் பகுதிதான்.

அருவிக் கூட்டத்தைப் படமெடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பாய்ந்து 17 வயதுச் சிறுவன் இறந்தான். ஜனங்கள் அலறி ஓடிய கைபேசிக் காட்சிகள்தான் அந்த ஆபத்தை ஊருக்கெல்லாம் காட்டின. அவை தேவையான படங்கள்.

என் மறுப்பு பேரருவியின் பெண்கள் பகுதியைப் பற்றியது. பல சீசன்களாகச் சொல்லிவருவதுதான். அங்கே பார்வையாளர் யாரும் இல்லை, எல்லோரும் குளிக்க வந்தவர்கள். தலையில் விழும் தண்ணீரின் கனத்தில் கண்ணைத் திறக்க முடியாது. ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும், மறு கை ஒட்டிக்கொண்ட சேலையை இழுத்துவிடும். கரையேறினால் அக்காவோ அத்தையோ துண்டை விரித்துப் பிடிக்க, அதன் மறைவில் ஈரத்தை மாற்ற வேண்டும். எதிரே லென்ஸ் இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

சீசன் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஆண்கள் பக்கம் பெரும்பாலும் அகலக் கோணத்தில் இருக்கும்: பாறை, அருவி, நூறு தலைகள். பெண்கள் பக்கம் வந்ததும் டெலி லென்ஸ் ஏறிவிடும். அருவி ஒரு வெள்ளைத் திரையாகச் சுருங்க, ஒரு முகமும் நனைந்த தோளும் மட்டும் மிஞ்சும். இதற்குக் 'கூட்டத்தின் உற்சாகம்' என்று தலைப்பு வைப்பது பொய். அந்தப் படத்தில் கூட்டமே இல்லை. உற்சாகத்தை எடுக்க வந்தவர், அவள் தலை துவட்டி வெளியே வரும்வரை காத்திருந்து, கேட்டுவிட்டு எடுக்கட்டும். கேட்டால் அந்தப் படம் கிடைக்காது என்பதால்தான் கேட்காமல் எடுக்கிறார்கள்.

பத்திரிகை ஆசிரியர்களுக்கும் புகைப்படப் போட்டி நடுவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பெண்கள் பகுதியில் அவர்கள் அறியாமல் எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.