மாணிக்க மண்ணில் முத்துத் தேடியவர்கள்

இரத்தினபுரியில் இரவிலும் மாணிக்கக் குழிகளில் தண்ணீர் இறைக்கும் எஞ்சின் சத்தம் கேட்கும். ஒரு நல்ல கல் அகப்பட்டால் தலையெழுத்து மாறிவிடும் என்ற நம்பிக்கையில் தலைமுறைகள் கழிகின்றன. அதனால்தான், உள்ளதையெல்லாம் விற்று ஒரு முத்தை வாங்கிய வியாபாரியின் உவமைக்கு எங்கள் பக்கத்துச் சபைகளில் விளக்கவுரை தேவைப்படுவதில்லை. ஆனால் விற்க எதுவுமே இல்லாத தோட்ட லயத்துச் சனத்திடம் ‘உலகத்தைப் பற்றிக்கொள்ளாதே’ என்று எந்த வாயால் சொல்வது? சப்ரகமுவத் தோட்டங்களுக்கு வந்த ஒவ்வொரு கிறிஸ்தவ மரபையும் இந்தக் கேள்வியில் வைத்தே நான் நிறுத்துப் பார்க்கிறேன்.

கத்தோலிக்கருக்கு உரைகல் புனித யோசப் வாஸ் அடிகளார். கோவாவில் பிறந்த அவர் 1687இல் பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். 1692இல் கண்டியில் ஒற்றன் என்று சிறைவைக்கப்பட்டார். 1697இல் பெரியம்மை பரவி, பெற்றவர்களே பிள்ளைகளைக் கைவிட்டு ஓடிய நாட்களில், புண்களைக் கழுவிக் கஞ்சி ஊட்டியவர் அவர். தேடிவந்த ஆயர் பதவியையும் வேண்டாம் என்றார். அவருடைய துறவு நோயாளியின் பாயருகே நடந்த துறவு. எங்கள் சனத்துக்கு அது சட்டென்று புரியும். 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அங்கிலிக்கன் மரபு உபதேசியார்களின் கால்நடைப் பயணத்தால் வளர்ந்தது. கண்டிச் சீமைக் கோப்பித் தோட்டங்களில் 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனுக்குத் திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். 1869இல் இலைநோய் கண்ட கோப்பி, இருபது ஆண்டுக்குள் துரைமாரின் முதலோடு அழிந்தது. மிஷன் அழியவில்லை. தேயிலைக்கும் றப்பருக்கும் போன சனத்தின் பின்னாலேயே அதுவும் போயிற்று.

1920களில் கொழும்பில் தோன்றிய இலங்கைப் பெந்தெகொஸ்தே மிஷனின் ஊழியர்கள் திருமணமும் சொத்தும் இன்றி விசுவாச வீடுகளில் கூடி வாழ்பவர்கள். அந்தக் கண்டிப்பை மதிக்கிறேன். ஆனால் இன்று சில மேடைகளில் ‘விசுவாசித்தால் வீடு வரும், வாகனம் வரும்’ என்று கேட்கும்போது மனம் நோகிறது. அது மாணிக்கக் குழியின் ஆசைக்கே ஜெபம் சொல்வதல்லவா?

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பிசகு உண்டு. திருப்தி என்ற பெயரில் அநியாயக் கூலிக்குத் தலையாட்டச் சொல்வது சுவிசேஷம் அல்ல. 1972இல் கண்டியில் சத்தியோதயம் என்ற நிலையத்தை நிறுவிய இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ், தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காகவே உழைத்தார். தனக்கென்று சேர்க்காதவர்தான் பிறருக்காகக் கேட்கும் பலம் பெறுகிறார் என்பதை அவரிடம் கண்டோம்.

தெரணியகலைப் பக்கம் ஒரு லயத்தில், விடியுமுன் றப்பர்ப் பால்வெட்டுக்குப் புறப்பட்ட ஓர் அம்மாவைப் பார்த்தேன். ஒட்டுப்பால் கறை நகக்கண்ணில் கறுத்திருந்தது. உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தகரப் பேணியில் போட்டார். சபைக்கான பிடியரிசி. பிறகு இன்னொரு பிடியும் எடுத்தார்.

“இது யாருக்கும்மா?” என்றேன்.

“பக்கத்துக் காம்பிராவுல காய்ச்சலாக் கெடக்காங்க தம்பி.”

“ஒங்களுக்குப் போதுமா?”

“போதும், போதும்” என்று பேணியை மூடிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு மலையேறினார்.