மென்பானம் என்னும் மயக்கம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சுக் கடையொன்றில் 'சிராப்' என்று கேட்டால், ரோஜா மணம் கமழும் சிவந்த இனிப்புநீர் வரும். சென்னையில் 'சிரப்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது இருமல் மருந்து. பிரெஞ்சு நாட்டில் 'சிரோ' என்னும் சொல் மருந்து, இனிப்புநீர் ஆகிய இரண்டையும் குறிக்கும். மூன்று ஊர்களில் மூவகையாக வழங்கும் இச்சொல்லை, 'மென்பானம்' என்று ஒரே சொல்லால் பெயர்த்துவிடும் வழக்கம் பொருந்துமா என்பது ஆராய்தற்குரியது.

இச்சொற்களின் மூலம் அரபு மொழியில் 'பருகுதல்' என்னும் பொருள் தரும் வேர்ச்சொல் ஆகும். அரபு மருத்துவர் காய்ச்சிய இனிப்பு மருந்துநீரின் பெயர் இலத்தீன் வழியே பிரெஞ்சில் 'சிரோ' ஆயிற்று. அவ்வேரின் மற்றொரு கிளை பாரசீகத்தின் வழியே இந்திய மொழிகளிற் புகுந்து, தமிழில் 'சர்பத்' ஆயிற்று. எனவே சிரோவும் சிராப்பும் சர்பத்தும் உறவுடைய சொற்களே.

பிரெஞ்சு இல்லங்களில் சிரோ அப்படியே பருகப்படுவதில்லை. புதினா, எலுமிச்சை, மாதுளையின் பெயரால் வழங்கும் 'கிரனடின்' முதலியவற்றின் செறிந்த பாகு ஒரு பங்குக்கு ஏழெட்டுப் பங்கு நீர் சேர்ப்பர். கிரெனோபிள் நகரில் 1720-இல் தொடங்கிய தெய்சேர் நிறுவனத்தின் பாகு இன்றும் இம்முறையிலேயே பயன்படுகின்றது. நம் பானகமும் அத்தகையதே. வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலம் ஆகியவற்றை நீரிற் கலப்பவர், வேண்டுமட்டும் நீர் விட்டுக்கொள்கின்றார். இரண்டிலும் இனிப்பின் அளவு கலப்பவர் கையில் உள்ளது. அடைத்து விற்கும் பானத்திலோ ஆலையே அதனை முடிவு செய்துவிடுகின்றது. இவ்வேறுபாட்டை 'மென்பானம்' என்னும் சொல் மறைத்துவிடுகின்றது.

அச்சொல்லில் வேறொரு குறையும் உண்டு. ஆங்கிலத்தார் 'மென்மை' என்றது மது கலவாமையை. தமிழில் மென்மைக்கு அப்பொருள் இல்லை. ஆங்கிலேயர் அவ்வாறு பகுத்தமைக்குக் காரணம் உண்டு. மதுவே அன்று பெரும்பகையாகத் தோன்றியது. இம்மண்ணிலும் அப்பகை இருந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. பிரான்சிலும் பள்ளி உணவுக்கூடங்களில் 14 வயதுக்குட்பட்டோர்க்கு மது வழங்கலாகாது என்னும் ஆணை 1956-இல்தான் பிறந்தது.

அன்று பகை கள். இன்று பகை சீனி. மலேசியாவில் 2019-இல் நடைபெற்ற நாடளாவிய உடல்நல ஆய்வின்படி, வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது. இனங்களுள் இந்தியரிடையே அதன் அளவு மிகுதி. அவ்வாண்டு சூலை முதல் நாளிலிருந்து, 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேற்பட்ட சீனியுடன் அடைத்து விற்கும் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் தீர்வை விதிக்கப்பட்டது. பழச்சாற்றுக்கு வரம்பு வேறு. பின்னர் அத்தீர்வை உயர்த்தவும்பட்டது. இந்நிலையில், இல்லாத மதுவைச் சுட்டி, உள்ள சீனியை மறைக்கும் ஒரு பெயரை மாணவர்க்குக் கற்பித்தல் முறையாகுமா?

'சர்பத்து அயற்சொல் அன்றோ?' எனச் சிலர் வினவலாம். அயற்சொல்லே. ஆயின் 'மென்பானம்' என்பதில் உள்ள 'பானம்' வடசொல். 'மென்' என்பதோ தமிழ் உடை தரித்த ஆங்கிலக் கருத்து. அதனினும், மக்கள் நாவில் தலைமுறைகளாகப் பழகிய சர்பத்தும் பானகமும் பொருளை விளங்கக் காட்டுகின்றன.

நம் கடைவீதிப் பேச்சு இதில் ஏட்டை முந்திவிட்டது. 'தே ஓ கோசோங்' என்று கேட்பவர், சீனியே வேண்டாம் என்பதை மலாய்ச் சொல்லால் தெளிவாக உணர்த்திவிடுகின்றார். கலந்து பருகுவதைச் சர்பத்து, பானகம் என்றும், ஆலையில் அடைத்து வருவதை இனிப்புப்பானம் என்றும் வழங்கினால் ஏட்டுத் தமிழும் அத்தெளிவை எய்தும். தைப்பூச நாளில் பத்துமலைத் தண்ணீர்ப் பந்தலில் குவளை ஏந்தும் சிறுவன், தான் பருகுவது இன்னது என்பதை அதன் பெயராலேயே அறிந்துகொள்ளல் வேண்டும். அப்பெயரை அவனுக்குத் தரவேண்டியவர் தமிழாசிரியரே.